பதினைந்து அங்குலக் காயில்

இங்கிலாந்தின் வரலாறு முழுவதும் பதினைந்து அங்குல ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேலே கிடப்பது வரலாறு அல்ல, சாமான்.

மார்ட்லிங் கிராம மன்றத்தில், மெட்டல் டிடெக்டர் சங்கத்தின் மாதக் கூட்டத்தன்று, தேநீருக்கு வரிசையில் நின்றபடி கிளிஃபோர்ட் பன் இதை அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். எதிரே லாரி வரும்போது பிரேக் எந்தக் காலில் இருக்கிறது என்று சொல்லுகிற நிதானத்தில்தான் எதையுமே சொல்வார். அந்தக் குரலைக் கேட்டால் மனிதர்களுக்குத் தானாகக் கால் அழுத்தும். வாதம் செய்யத் தோன்றாது.

இந்த ஞானம் அவருக்குக் கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு அவரிடம் இருந்தது எல்லோரிடமும் இருக்கிற பதினோரு அங்குலக் காயில்தான். அதுவரை வரலாறும் பதினோரு அங்குலத்தில்தான் இருந்தது.

காயில் என்பது டிடெக்டர் கழியின் நுனியில், தரையை உரசாமல் இடமும் வலமும் வீசப்படுகிற வட்டத் தட்டு. மண்ணுக்குள் கிடப்பதைக் கேட்கிற காது அதுதான். கைப்பிடியில் இருக்கும் பெட்டியும் தலையில் மாட்டும் ஹெட்போனும் அது சொன்னதை வாங்கிச் சொல்பவை. கிளிஃபோர்டின் பழைய காயில் உடைந்துவிட்டது. வயதாகிவிட்டதால் உடைந்தது என்று அவர் சங்கத்தில் சொல்லியிருந்தார். உண்மையில் டிடெக்டரைத் தன் காரின் பின்பக்கம் சாய்த்துவைத்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்திருந்தார். மார்ட்லிங்கிலும் சுற்று வட்டாரத்திலும் கண்ணாடியைப் பார் என்று அவரிடம் திட்டு வாங்காத வீடு கிடையாது. ஆகவே வயது என்பதே எல்லோருக்கும் சௌகரியமான காரணம்.

வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் ஹிலரி கூச். நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்து, அதை மகளிடம் விட்டுவிட்டு வயல்களில் இறங்கியவர். ஹிலரியிடம் இருந்தது ஆறு அங்குலக் காயில். கிளிஃபோர்ட் அதைச் 'சாசர்' என்றுதான் சொல்வார். ஹிலரி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்டுவார். ஆணி, லாடம், வேலிக்கம்பி என்று அவருடைய பையில் பாதி இரும்பாகவே இருக்கும். மிச்சத்தில் எப்போதாவது, கையால் அடித்த ஒரு பழைய வெள்ளிக்காசும் இருக்கும் என்பதைக் கிளிஃபோர்ட் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

இவை மூன்றுமே அவருக்கு ஆகாது. சாசர் ஆகாது. ரப்பர் பூட்ஸ் ஆகாது; மண்வெட்டி பிடிக்கிற ஆள் முனையில் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ்தான் போடவேண்டும், ரப்பர் என்பது மீன் மார்க்கெட்டுக்கு. இரும்பைத் தோண்டுவது சுத்தமாக ஆகாது. டிடெக்டரில் இரும்பின் சத்தத்தை மட்டும் அடைத்துவிடுகிற வசதி உண்டு. வாங்கிய அன்று அதை அடைத்தவர், அதற்குப் பிறகு திறந்ததே இல்லை.

ஹிலரி தன் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"கிளிஃப், ஏர் ஓடுற ஆழத்துக்குக் கீழ யாரும் தோண்டக்கூடாதுன்னு சங்கத்துல விதி இருக்குப்பா. எழுதிக் கொடுத்ததே நீதான்."

"அது தோண்டுறதுக்குத்தான் விதி," என்றார் கிளிஃபோர்ட். "கேக்குறதுக்கு இல்ல."

வரிசை நகர்ந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அவர் புதுக் காயில் வாங்கப் போனார். ஹிலரிக்கும் ஹெட்போன் ஒயர் வேண்டியிருந்ததால் அதே காரில் ஏறிக்கொண்டார். கடை, சந்தை நகரத்தில், முன்பாதியில் தூண்டில்களும் புழு டப்பாக்களும் பின்பாதியில் டிடெக்டர்களுமாக இருந்தது. இரண்டுக்கும் ஒரே வகை ஆட்கள்தான் வருகிறார்கள். பொறுமை உள்ளவர்கள், வீட்டில் இருக்க விரும்பாதவர்கள். கடைக்காரர் லெனார்ட், மேசைமேல் மூன்று காயில்களைப் பரப்பினார். ஆறு அங்குலம், பதினோரு அங்குலம், பதினைந்து அங்குலம். மூன்றும் கிளிஃபோர்டின் பெட்டியோடு பொருந்துகிறவை. பெரியது ஒரு குடும்பத்துக்கு வறுத்த கோழியை வைத்துப் பரிமாறலாம் போல இருந்தது.

லெனார்ட் முதலில் கேட்டது எந்த வயல், என்ன மண், குப்பை அதிகமா என்பதைத்தான். கிளிஃபோர்ட் அதற்குப் பதில் சொல்லாமல், இதில் எது ரொம்ப ஆழம் கேட்கும் என்று திருப்பிக் கேட்டார். லெனார்ட் நேர்மையான மனிதர். பெரியதுதான் ஆழம் என்றார். ஆனால் அதன் அடியில் நான்கு பொருள் கிடந்தால் நான்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கத்தும், பிரித்துச் சொல்லாது. கம்பிவேலிப் பக்கமே கொண்டுபோக முடியாது. கனம் வேறு, ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். சின்னது ஆழம் போகாது, ஆனால் ஆணிக்கூட்டத்துக்கு நடுவே ஒரு காசு கிடந்தால் ஆணி வேறு, காசு வேறு என்று சொல்லிவிடும். பழையபடி பதினோரு அங்குலமே வாங்கினால் எல்லாவற்றுக்கும் பரவாயில்லாமல் இருக்கும். இதைச் சொல்லிவிட்டு அவர் பதினோரு அங்குலத்தைக் கிளிஃபோர்ட் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

கிளிஃபோர்ட் அதை இருந்த இடத்துக்கே நகர்த்தினார்.

"ஆணிக்கு நடுவுல தேடுறவன் காயில்காரன் இல்ல லெனார்ட். காயலான் கடைக்காரன்."

சொல்லிவிட்டு ஹிலரியைப் பார்த்தார். ஹிலரி புழு டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையின் டிடெக்டரில் பெரிய காயிலை மாட்டிக் காட்டச் சொன்னார் கிளிஃபோர்ட். லெனார்ட் ஒரு காசைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் போக, அது விடாமல் கத்தியது. அவருடைய பெல்ட் பக்கிளுக்கும் கத்தியது. புழு டப்பாவுக்கும் கல்லாப்பெட்டிக்கும் கத்தியது. ஹிலரி ஒயரோடு பக்கத்தில் வந்ததும் ஒரு புது ராகத்தில் கத்தியது. போன வருடம்தான் ஹிலரிக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருந்தார்கள்.

"எந்தக் காலத்து முட்டின்னு சொல்லுதாப்பா?" என்றார் ஹிலரி.

கிளிஃபோர்டுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. இத்தனை தூரம் கேட்கிற காது, சேப்பல் வயலில் இறங்கினால் எதைத்தான் கேட்காது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். பெரியதை வாங்கிவிட்டார். அது கடையில் மாட்டிவைத்து எவ்வளவு நாள் ஆனது என்பது அதிலிருந்த ஒட்டடைக்குத்தான் தெரியும். விற்ற மகிழ்ச்சியில் லெனார்ட், கீறல் விழுந்த அந்த ஆறு அங்குலத்தையும் சும்மாவே பையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் எல்லோரும் அறுவடை முடிந்த ஒரு பார்லி வயலில் இறங்கினார்கள். பதினொரு மணித் தேநீருக்குக் கூடியபோது, கிளிஃபோர்ட் காரின் டிக்கியைத் திறந்து, அந்த ஆறு அங்குலத்தைக் கவிழ்த்து, அதன் மூடியின் குழிவில் கஸ்டர்ட் பிஸ்கட்களை வட்டமாக அடுக்கி, ஹிலரிக்கு நீட்டினார். இப்போதுதான் இதற்கு ஒரு பயன் கிடைத்திருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹிலரி இரண்டு எடுத்துக்கொண்டார். அன்று முழுவதும் பெரிய காயிலைத் தூக்கிச் சுமந்ததில் கிளிஃபோர்டுக்குக் கிடைத்தது கைப்பிடி போன ஓர் அலுமினியச் சட்டி. ஏர் ஓடும் ஆழத்தின் கடைசி நுனியில் இருந்தது அது. ஆழத்தில் இருந்ததாக்கும் என்று எல்லோரிடமும் காட்டினார். வீட்டுக்குப் போய் வலது தோளில் சுடுதண்ணீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்தார்.

மன்றத்தில் கூட்டம் நடந்ததற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ரோஸ் தர்ட்டில் போன் செய்தாள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் சேப்பல் வயலைப் பற்றிச் சொல்லவேண்டும். மார்ட்லிங்கின் கிழக்கே, தர்ட்டில் பண்ணையைச் சேர்ந்த புல்வயல் அது. எப்போதோ அங்கே ஒரு சிற்றாலயம் இருந்து இடிந்ததாகவும், அதைச் சுற்றி ஓர் ஊரே இருந்ததாகவும் பேச்சு. அந்த மண்ணில் இதுவரை ஒரு டிடெக்டரும் இறங்கியதில்லை. கிளிஃபோர்டின் மாடி ஜன்னலைத் திறந்தால் நேரே அதுதான் தெரியும். அந்த ஜன்னலுக்குத் திரை போட அவர் மனைவி பாலின் எவ்வளவோ சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் விஸ்கியோடு போய்ப் பெரியவர் தர்ட்டிலிடம் வயலில் இறங்க அனுமதி கேட்பார். பெரியவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, முடியாது என்பார். அடுத்த வருடமும் இரண்டும் நடக்கும். இந்த வசந்தத்தில் பெரியவர் இறந்துபோனார். பண்ணை அவருடைய தம்பி மகள் ரோஸிடம் வந்தது.

ரோஸ் கிளிஃபோர்டிடம் கார் ஓட்டக் கற்றவள். நான்கு முறை பரீட்சையில் தோற்றாள். ஐந்தாவது முறை தேறியபோது, காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அதற்காகவே அவளை இன்னொரு முறை தோற்கடித்திருக்கவேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. இன்றைக்கும் அவளுக்கு அவர் 'சார்'தான்.

விஷயம் இதுதான். சேப்பல் வயலில் புல்லை வெட்டிப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை, அந்தப் புல்லைக் கிளறி உலர்த்துகிற இயந்திரம் கேட்டுக்குப் பக்கத்து மூலையில் ஒரு கட்டையில் இடித்தது. அதிலிருந்த இரும்பு விரல்களில் ஒன்று உடைந்து பறந்துவிட்டது. பெரிய கொண்டை ஊசி மாதிரி இருக்கும் அது. இன்று மாலை நான்கு மணிக்குப் புல்லை அள்ளி அரைக்கிற வண்டி வருகிறது, நாளையிலிருந்து மழை. அந்த இரும்பு வண்டிக்குள் போனால் கத்திகள் நொறுங்கும். நொறுங்காமல் துண்டாகித் தீவனத்தில் கலந்தால், குளிர்காலத்தில் ஏதோ ஒரு மாட்டின் வயிற்றைக் கிழிக்கும். ரோஸும் வேலையாளும் இருட்டும்வரை காலால் தேடியும் கிடைக்கவில்லை.

"வயல உங்களுக்குத்தான் தரணும்னு இருக்கேன் சார்," என்றாள் ரோஸ். "ஒரே ஆளுக்குத்தான் தருவேன், சங்கத்த மொத்தமா உள்ள விடமாட்டேன். ஆனா முதல்ல என் இரும்ப எடுத்துக் குடுங்க. நேத்து விழுந்ததக் கண்டுபிடிக்க முடியலன்னா, ஆயிரம் வருஷத்துக்கு முன்ன விழுந்தத எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ஒரு மணிக்குள் கிடைக்காவிட்டால் ஹிலரிக்குப் போன் பண்ணுவேன் என்றும் சொன்னாள். வேறு வழியில்லை சார், மாடு காத்திருக்காது என்றாள்.

ஹிலரியை அனாவசியமாகத் தொந்தரவு செய்யவேண்டாம் என்றார் கிளிஃபோர்ட். எட்டரைக்கெல்லாம் சேப்பல் வயலின் கேட்டுக்கு உள்ளே நின்றார். இத்தனை வருடம் ஜன்னலிலிருந்து பார்த்த வயல் உள்ளே வந்து பார்க்கக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. தேடவேண்டிய மூலையை ரோஸ் காட்டினாள். ஒரு பக்கம் முள்கம்பி வேலி, ஒரு பக்கம் கேட். பெரியப்பாவின் காலத்தில் அங்கே ஒரு தானியக் கொட்டில் எரிந்து விழுந்ததாம். கிளிஃபோர்ட் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெரிய காயிலைத் தோள்வாரில் மாட்டி, இரும்புத் தொப்பி பூட்ஸை இறுக்கிக் கட்டி, ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற பரீட்சைக்காரர் முகத்தோடு நடக்க ஆரம்பித்தார்.

பத்து மணி வரைக்கும் ஒரு சத்தமும் வரவில்லை.

கோடு போட்டதுபோல் போனார், வந்தார். வெட்டிக் கிடந்த புல்மேல் காயில் கப்பல்மாதிரி மிதந்தது. ஹெட்போனில் ஒரு சின்ன முனகல்கூட இல்லை. இவ்வளவு சுத்தமான மண்ணை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அந்தக் காலத்து மனிதர்கள் ஆலயத்தைச் சுற்றி எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் நெகிழ்ந்தது. ரோஸைக் கூப்பிட்டு, இந்த மூலையில் இரும்பே இல்லை, உன் விரல் வேறெங்கோ விழுந்திருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றார்.

ரோஸ் பக்கத்திலிருந்த அகழெலி தோண்டித் தள்ளிய மண்குவியலைக் காலால் தட்டினாள். குனிந்து அதிலிருந்து விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த ஓர் ஆணியை எடுத்தாள். இன்னொரு தட்டில் இன்னொன்று வந்தது.

"அப்ப இது என்னது சார்?"

கிளிஃபோர்ட் ஆணியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இரும்பு அடைத்தே கிடந்தது. பதினைந்து அங்குலக் காது, இரும்பைக் கேட்கவேண்டாம் என்று முதலாளி சொல்லிவைத்ததால், ஒன்றரை மணி நேரமாக இரும்புக்குமேல் நடந்துகொண்டே எதையும் கேட்காமல் இருந்திருக்கிறது. மெஷின் இப்போதுதான் சூடாகிறது என்றார் ரோஸிடம். நின்று யோசித்தால் வேறு ஏதாவது கேட்பாளோ என்று மறுபடி கோட்டின் முதலுக்குப் போனார். யாரும் பார்க்காதபோது இரும்பைத் திறந்துவிட்டார்.

முதல் வீச்சிலேயே காது கிழிந்தது. அடர்த்தியான, கனத்த சத்தம். சின்னப் பொருள் இல்லை. குனிந்து புல்தரையைச் சதுரமாக வெட்டி எடுத்துத் தோண்டினார். ஒன்றுமில்லை. இன்னும் தோண்டினார். ஒன்றுமில்லை. மண்ணை மூடிவிட்டு ஓரடி முன்னால் போனார். அங்கேயும் அதே சத்தம், அதே கனம். தோண்டினார், புழுதான். வலப்பக்கம் போனார், சத்தம் கூடவே வந்தது. இடப்பக்கம் போனார், அங்கேயும் வந்தது. பத்தடி தள்ளிப் போய்த் திடீரென்று வீசிப் பார்த்தார். காத்திருந்ததுபோல் கத்தியது.

கிளிஃபோர்ட் நிமிர்ந்து நின்றார். இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருக்க முடியும். கீழே மிகப் பெரிதாக ஏதோ இருக்கிறது. இடிந்துபோன ஆலயத்தின் கதவாக இருக்கலாம், குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டை அடித்த கதவு. அதன் அகல நீளம் தெரியவேண்டுமே என்று வேலியை நோக்கி நடந்துகொண்டே அளந்தார். கதவு முடியவில்லை. திரும்பி கேட்டை நோக்கி அளந்தார். அந்தப் பக்கமும் முடியவில்லை. கேட்டைத் தொடும்போது கதவுக்கு ஒரு கிரிக்கெட் மைதானத்தின் அகலம் வந்திருந்தது. அவ்வளவு பெரிய கதவு வழியாக அந்தக் காலத்தில் யார் போய்வந்தார்கள் என்பதுதான் அவருக்கு இடித்தது.

ரோஸ் தேநீர் கொண்டுவந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக் கதவைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு தடவை அவர் பாதத்தைப் பார்த்தாள்.

"சார், அந்த பூட்ஸ் முன்னாடி இரும்பு இருக்குல்ல?"

காகம் ஒன்று வேலிமேல் வந்து உட்கார்ந்தது. கிளிஃபோர்ட் தேநீரைக் குடித்து முடித்தார். டிடெக்டரை வீசாமல், வலது காலை மட்டும் காயில் பக்கம் மெல்ல நகர்த்தினார். ஆலயத்தின் கதவு கத்தியது. காலை இழுத்தார். நின்றது.

இரும்பை அடைத்தே வைத்திருந்ததால் பூட்ஸ் இத்தனை வருடமாக வாயைத் திறந்ததில்லை. ரோஸ் கோப்பையை வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பாமல் சொன்னாள்:

"நீங்கதான சார் சொல்வீங்க, வண்டிய எடுக்குமுன்ன முதல்ல நம்மகிட்ட என்ன இருக்குன்னு பாருன்னு."

பூட்ஸைக் கழற்றி கேட்டருகே வைத்தார். சாக்ஸோடு நடந்தார். வெட்டிய புல்லின் அடிக்கட்டைகள் பாதத்தில் குத்தின, பனி சாக்ஸை நனைத்தது. இப்போது அவருடைய பாதங்கள் பேசவில்லை, மண் பேசியது. எரிந்து விழுந்த கொட்டிலின் ஆணிகள் அத்தனையும் பேசின. தகரக் கூரைமேல் மழை விழுவதுபோல் ஒரே இரைச்சல். எந்தச் சத்தம் எந்த ஆணியுடையது, எது ரோஸின் இரும்பு விரல் என்று பிரிக்கவே வழியில்லை. வேலியோரம் போனால் முள்கம்பியும் சேர்ந்துகொண்டு ஒரேயடியாக அலறியது, நான்கடி தள்ளி வந்தால்தான் நின்றது. லெனார்ட் கடையில் சொன்னது ஒவ்வொரு வாக்கியமாக ஞாபகம் வந்தது. தோளும் அவர் சொன்ன நேரத்துக்கே கழன்றிருந்தது.

ஒரு மணிக்கு ரோஸ் பண்ணை வாசலில் நின்று போனைக் காதில் வைத்தாள். இங்கிருந்தே தெரிந்தது. ஹிலரி வீட்டிலிருந்து இங்கே வர அரை மணி நேரம். அவர் சாசரைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் பூட்ஸில் இந்த மூலைக்குள் நடந்துவருவதையும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் இந்த வயலில் நடமாடுவதையும், தான் அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதையும் கிளிஃபோர்ட் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்த்தார். பாலினிடம் திரை தைக்கச் சொல்லவேண்டியிருக்கும்.

காரின் டிக்கியைத் திறந்தார். சாப்பிடத்தான் திறந்தார். சீஸும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச்சை எடுத்துப் பாதியைத் தின்றார். அதன் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படியே, ஆறு அங்குலக் காயில் மல்லாந்து கிடந்தது. அதில் இரண்டு கஸ்டர்ட் பிஸ்கட் மிச்சம் இருந்தன.

அவர் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். பழக்கம். பிறகு கழியிலிருந்து பெரிய காயிலைத் திருகி எடுத்துப் புல்லில் வைத்தார். பிஸ்கட்டுகளை அதன்மேல் மாற்றி வைத்தார், மிச்சப் பாதி சாண்ட்விச்சையும் வைத்தார். ஆறு அங்குலத்தைக் கவிழ்த்துத் தட்டினார், தூள் விழுந்தது. மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்ததை ஊதினார், போகவில்லை, நகத்தால் சுரண்டினார். மாட்டினார். கழி சட்டென்று கைக்கு இல்லாததுபோல் இலேசாகிவிட்டது.

டக். ஓர் ஆணி. கொஞ்சம் தள்ளி, டக். இன்னோர் ஆணி. இரைச்சலாக இருந்தது இப்போது தனித்தனி ஆட்களாகப் பிரிந்து, ஒவ்வொருவராகப் பேசியது. அவர் கொட்டில் இருந்த இடத்தை விட்டுவிட்டு நேரே வேலியோரம் போனார். காலையிலிருந்து அவரால் நெருங்க முடியாத அந்த நான்கடிப் பட்டையில், முள்கம்பிக்கு இணையாக, சின்னக் காயிலைத் தரையை ஒட்டிச் செலுத்தினார். வேலி சும்மா இருந்தது. டக். டக். கம்பத்துக்குக் கம்பம் போனார். மூன்றாவது கம்பத்தின் அடியில் அது டக் என்று சொல்லவில்லை. இழுத்து, நீளமாக, தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்.

மண்வெட்டியை ஊன்றப் போனவர் நிறுத்தினார். குனிந்து உலர்ந்த புல்லைக் கையால் விலக்கினார். உடைந்த முனை பளபளக்க, பெரிய கொண்டை ஊசி மாதிரி, தரையின்மேல் கிடந்தது. மண்ணுக்குள் அரைக்கால் அங்குலம்கூட இல்லை.

ரோஸ் ஓடிவந்தாள். இரும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவரைக் கட்டிக்கொள்ளவில்லை, கை நிறையக் கிரீஸ். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயல் உங்களுடையது சார், கேட்டை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள் என்றாள். வண்டிக்காரனுக்குச் சொல்ல வேகமாகப் பண்ணைக்குத் திரும்பினாள். ஹிலரிக்கு வரவேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

கிளிஃபோர்ட் வீட்டுக்குப் போயிருக்கலாம். வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தது. அவர் கொட்டில் இருந்த மூலைக்குத் திரும்பி நடந்தார்.

ஹிலரியின் கார் வந்து நின்றதைப் திரும்பாமலே உணர்ந்தார், தொழில் அப்படி. கடைக்கண்ணால் பார்த்தார். ஹிலரி கேட்டுக்கு வெளியே நின்று, ஜோடியாக வைத்திருந்த இரும்புத் தொப்பி பூட்ஸைப் பார்த்தார். புல்லில் கிடந்த பதினைந்து அங்குலக் காயிலைப் பார்த்தார். அதன்மேலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்று முடித்தார்.

"கிளிஃப், எம்புட்டு ஆழத்துல இருந்துச்சுப்பா?"

"கேக்கல ஹிலரி," என்றார் கிளிஃபோர்ட். "ஹெட்போன் போட்டிருக்கேன்."

டக், என்றது காயில். அவர் ஈர சாக்ஸோடு மண்டியிட்டார். புல்தரையைச் சதுரமாக வெட்டித் தூக்கி, உள்ளங்கையளவு மண்ணைக் கிளறி, துருப்பிடித்த ஓர் ஆணியை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மண்ணைத் தள்ளி மூடி, கையால் அழுத்திவிட்டு, அடுத்த டக்குக்கு நகர்ந்தார்.